தலையத் தூக்காம புடிங்க

...அதத்தான் நானும் சொல்றேன், ஊருல எல்லார் வீட்டுத் தண்ணியும் எந்தப் பக்கம் ஏறும், எந்தப் பக்கம் எறங்கும்னு தெரிஞ்ச மனுஷன். குழாய் ரிப்பேர்ல இவர அடிச்சுக்க ஆள் கெடையாது. சுவத்துல காத வச்சாருன்னா உள்ள எங்க ஒழுகுதுன்னு சொல்லிடுவாரு. ஆனா ஒரு ஆட்டுக்குட்டித் தொண்டைல ரெண்டு குழாய் இருக்கு, ஒண்ணு வயித்துக்குப் போவுது, ஒண்ணு நுரையீரலுக்குப் போவுதுன்னு மட்டும் தெரியாமப் போச்சு. என்னத்தச் சொல்ல!

அட, வாங்க வாங்க. மாடிக்குப் புதுசா குடி வந்தவங்கதான நீங்க? ஏன் வாசல்லயே நிக்கிறீங்க? யாருகிட்ட பேசிட்டிருந்தேனா? சுவருகிட்டதாங்க. அது எதுத்துப் பேசாது. கைல என்ன, சட்டையா? இஸ்திரிக்குத்தான? இங்க குடுங்க, மேசை மேல போட்டு வைக்கிறேன். பெட்டி இன்னும் சூடாகல, உக்காருங்க. இல்ல இல்ல, அந்த ஸ்டூல் ஆடும். ஆடும்னா அசையும். இதுல உக்காருங்க.

நான் சத்தமாப் பேசுறேன்னு தப்பா நெனச்சுக்காதீங்க. உங்களுக்குக் காது நல்லாவே கேக்கும், பாத்தாலே தெரியுது. இந்த வீட்ல சில பேருக்குக் கேக்கறதில்ல, அதுக்காகத்தான். உள்ள இருக்காரு, எங்க வீட்டுக்காரர். கதவு தொறந்துதான் இருக்கு, ஆனா வரமாட்டாரு. ஒரு வாரமா எங்களுக்குள்ள பேச்சு இல்ல. சாப்பாடு ஆறிப்போவுதுன்னு நான் அலமாரிகிட்ட சொல்வேன். உப்பு பத்தலன்னு அவரு ஜன்னல்கிட்ட சொல்வாரு. குடும்பம் பாட்டுக்கு நடக்குது, கொறை ஒண்ணும் இல்ல.

ஆடு எப்படி வந்துச்சுன்னு கேக்கறீங்களா? கேக்கலயா? பரவால்ல, சொல்றேன். நாங்க ஆடு வளக்கற குடும்பமே இல்லங்க. பால் வாங்கிட்டு வாங்கன்னு ஒரு நாள் அனுப்பினேன். வழியில யாரோ கூப்புட்டு குழாய் ஒழுகுதுன்னாங்களாம். போயிருக்காரு. வீட்டக் காலி பண்ணிட்டுப் போறவங்க, இந்த ஆட்ட என்ன பண்றதுன்னு தெரியலன்னு அழுதாங்களாம். இவருக்கு மனசு எளகிடுச்சு. பால் வாங்கப் போனவரு பாலோட அம்மாவையே கூட்டிட்டு வந்துட்டாரு! கேட்டா, வாயில்லா சீவனாம். அத விடப் பெரிய பொய் ஒலகத்துலயே கெடையாதுங்க. வாயத் தவிர வேற ஒண்ணுமே கெடையாது அதுகிட்ட.

வந்த கையோட ரெண்டு குட்டி போட்டுச்சு. ஒண்ணு கறுப்பு, ஒண்ணு செவப்பு. கறுப்பன் இவரோட ஆளு. இவரு குளிக்கப் போனா கதவுகிட்டயே நிக்கும். வேலைக்குக் கெளம்புனா, தெரு முனை வரைக்கும் வழியனுப்பிட்டு தானா திரும்பி வரும். என்ன அப்படி ஒரு நாளும் யாரும் வழியனுப்புனதில்ல, அது வேற விஷயம்.

பால் குடிக்கற வரைக்கும் ரெண்டும் ராஜா மாதிரி இருந்துச்சுங்க. புல்லு கடிக்க ஆரம்பிச்சுதுங்க, புடிச்சுது சனி. பின்னாடி தண்ணித் தொட்டி இருக்கே, பாத்திருப்பீங்க, அது ஒழுகும். ஊர் ஒழுகல் எல்லாம் அடைக்கற மனுஷனுக்குத் தன் வீட்டுத் தொட்டிக்கு நேரமில்ல. அந்த ஈரத்துல புல்லு என்னமா பச்சப்பசேல்னு நிக்கும் தெரியுமா! அதுலயேதான் ரெண்டும் புழுக்கை போடும், அதுலயேதான் மேயும். புழுக்கையில இருக்கற முட்டை அந்த ஈரத்துல பொரிச்சு, கண்ணுக்குத் தெரியாத புழுவா புல்லு மேல ஏறி உக்காந்துக்குமாம். பனி காயறதுக்கு முன்னாடி மேய விட்டா, புல்லோட சேத்துப் புழுவையும் முழுங்கிடுமாம். விடியக்காலைல அதுங்கள அங்க கொண்டு போயிக் கட்டுனது யாருங்கறதெல்லாம் இப்ப எதுக்கு? யாரோ கட்டுனாங்க. விடுங்க.

பேதியாப் போயிருந்தாலாவது தெரிஞ்சிருக்கும். புழுக்கை மிளகு மாதிரி உருண்டை உருண்டையாத்தான் விழுந்துச்சு. ஆனா ரெண்டும் நாளுக்கு நாள் எளச்சுட்டே போச்சு, முதுகத் தடவுனா எலும்பு கையில இடிக்குது. அப்புறம் கறுப்பனுக்குத் தாடைக்குக் கீழ ஒரு வீக்கம், தண்ணி ரொப்புன பலூன் மாதிரி. நான் என்ன நெனச்சேங்கறீங்க? கன்னத்துல சதை வச்சிருக்கு, இனிமே தேறிடும்னு நெனச்சேன். சந்தோஷமா அக்கம்பக்கத்துல வேற சொல்லிட்டேன்.

ஆட்ட விட்டுட்டுப் போனவங்க ஒரு பாட்டிலும் குடுத்து விட்டிருந்தாங்க, வயித்துப் பூச்சிக்கு மருந்துன்னு. மாசா மாசம் அதத்தான் ஊத்துவாங்களாம். இவரு அத எடுத்தாரு. எவ்ளோ ஊத்தணும்? கண்ணளவுதான்! ஒரு மூடி. எப்படி ஊத்துனாரு தெரியுமா? தலைய அண்ணாத்திப் புடிச்சு, வெளக்குக்கு எண்ணெய் ஊத்தற மாதிரி. கறுப்பன் செருமுச்சு. திரும்பத் திரும்ப செருமுச்சு. அப்புறம் மூச்சு கொறகொறன்னு... வெயில் ஏறறதுக்குள்ள போயிடுச்சுங்க.

நான் என்ன சொன்னேன்? கொன்னுட்டீங்களேன்னு சொன்னேன். ஒரே ஒரு வார்த்த. தெருவுக்கே கேட்டுச்சுன்னு சொல்றாங்க, நான் என்ன தெருவப் பாத்தா சொன்னேன்? அவரு பின்னாடி போயிக் குழி தோண்டுனாரு. கைய ரொம்ப நேரம் கழுவுனாரு. அன்னைக்கு மூடுன வாய்தான்.

எந்திரிக்காதீங்க, முக்கியமான எடத்துக்கு வந்துட்டேன். நான் அந்தச் செவப்பிய தூக்கிட்டு ஆட்டாஸ்பத்திரிக்கு ஓடுனேன். அங்க ஒரு டாக்டரம்மா. நம்ம முகத்தக்கூடப் பாக்கல, நேரா குட்டியோட கண்ணுக்குக் கீழ எமைய இழுத்துப் பாத்தாங்க. உள்பக்கம் செவப்பா இருக்கணுமாம். செவப்பிக்கு வெள்ளையடிச்ச சுவர் மாதிரி இருந்துச்சு. வயித்துல நூல் நூலா புழு ஒட்டிக்கிட்டு ரத்தத்த உறிஞ்சுதாம், ரத்தம் கொறஞ்சாதான் தாடையில நீர் கோக்குமாம். எங்க, உங்க கண்ணக் காட்டுங்க. சும்மா பாக்கறேன். ம்ம்... நீங்களும் கொஞ்சம் வெளுத்துத்தான் இருக்கீங்க. கீரை சாப்புடுங்க.

எடை என்னன்னு கேட்டாங்க. அங்க இருந்த மெஷின் ரிப்பேரு. எதுத்தாப்ல பழைய பேப்பர் கடை, அங்க கொண்டு போனேன். கடக்காரரு தலை நிமிராமயே, இரும்பா, பேப்பரான்னாரு. ஆடுன்னேன். ஆடு எடுக்கறதில்லன்னுட்டாரு. அப்புறம் கெஞ்சிக் கூத்தாடி எடை போட்டுட்டு வந்தேன். எடைக்குக் கம்மியா ஊத்துனா புழு சாகாதாம், அந்த மருந்துக்குப் பழகிக்குமாம். எங்க மாமியார் வாய்க்கு நான் பழகுன மாதிரின்னு வைங்க. ஒரே மருந்த வருஷக்கணக்கா எல்லாத்துக்கும் ஊத்துனாலும் அதே கதைதானாம். அதனால வேற மருந்து குடுத்தாங்க. இனிமே எமையப் பாருங்க, வெளுத்துப் போனதுக்கு மட்டும் ஊத்துங்கன்னாங்க. தாய் ஆட்டுக்குப் பாத்தேன், நல்லா செக்கச்செவேல்னு இருக்கு. குட்டிங்களப் போட்டுட்டு அது மட்டும் ஜோரா இருக்கு!

இப்பதான் விஷயம். நல்லாக் கேளுங்க. உங்களச் சொல்லலங்க, நீங்களும் கேளுங்க. டாக்டரம்மாகிட்ட நானே கேட்டேன், அந்தக் கறுப்பனுக்கு மருந்து பொரையேறலன்னா பொழச்சிருக்குமான்னு. அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? தாடையில அவ்ளோ நீர் கோத்ததுக்கு அப்புறம், ஊத்தாம விட்டிருந்தாலும் கஷ்டந்தாம்மான்னாங்க. அப்படித்தான் சொன்னாங்க. நான் ஒரு எழுத்துகூடச் சேக்கல.

...ம். ஒண்ணும் சத்தம் வரல. சரி.

என்னங்க? சட்டையா? இருங்க, பெட்டி சூடாயிருக்கும். இதென்ன, கைப்பக்கம் இவ்ளோ பெரிய ஓட்டை? இதுக்கு நான் பொறுப்பில்லங்க, வரும்போதே இருந்துச்சு, பாத்துக்கங்க. என்ன சொல்றீங்க? எங்க ஆடா? மாடிப்படில காயப் போட்டிருந்தீங்களா? கடிச்சிடுச்சா? அதச் சொல்லத்தான் வந்தீங்களா! அட, சொல்ல வேண்டியதுதான? இவ்ளோ நேரம் வாயத் தொறக்காம உக்காந்திருக்கீங்க! எது கடிச்சுது, பெருசா? என்னது, சின்னதா? செவப்பா, சின்னதா? நல்லாப் பாத்தீங்களா? நெஜமா? கடிச்சு... முழுங்குச்சா?

ஏங்க! செவப்பி தின்னுருக்கு! நாலு நாளா ஒரு எலையக்கூட மோந்து பாக்காத குட்டி, படியேறிப் போயி ஒரு கையத் தின்னுருக்கு! உங்க வாய்க்குச் சக்கரதான் போடணும். இனிமே துணி காயப் போடறதுன்னா அந்தப் படிலயே போடுங்க. சரி சரி, சட்டைக்கு நான் பதில் சொல்றேன், மொதல்ல ஒரு ஒத்தாச பண்ணுங்க. இன்னைக்கு மறுபடியும் மருந்து ஊத்தணும்னு சொல்லிருக்காங்க. காலைலேர்ந்து அளந்து வச்சுட்டு உக்காந்திருக்கேன். ஒத்த ஆளா முடியாது. ஒருத்தர் புடிக்கணும், ஒருத்தர் ஊத்தணும். நான் யாரக் கூப்புட? அலமாரியக் கூப்புடவா?

இந்தா செவப்பி, வா, வா... இவங்க மடில ஏறு. அந்தச் சட்டையையே அடில போட்டுக்கங்க, இனிமே அது எதுக்கு ஆகும்? பயப்படாதீங்க, ஒண்ணும் பண்ணாது. கழுத்தப் புடிக்காதீங்க. தாடைக்கு அடில கை. தலை நேரா இருக்கணும், அது பாட்டுக்கு உங்களப் பாக்கற மாதிரி. அவ்ளோதான். இது ஊசி இல்லாத சிரிஞ்சுதான், குத்தாது. எங்க... கொஞ்சம் வாயத் தொற... ஐயோ, தூக்காதீங்க! தலையத் தூக்காதீங்க! எறக்குங்க! சரி, சரி. இன்னும் ஒரு சொட்டுகூட உள்ள போகல. பழக்கமில்ல உங்களுக்கு. என்ன பண்றது, எனக்கும் கறுப்பன் செருமுனதுதான் காதுல கேக்குது. மறுபடியும் பாப்போம். இல்ல... கொஞ்சம் இருங்க. என்னால முடியல. ஒரு நிமிஷம்.

...

ஏங்க... உள்ளேர்ந்து வந்துட்டீங்களா.

இல்ல, நீங்க புடிக்க வேணாம். குட்டிய எங்கிட்ட குடுங்கம்மா, நான் மடில வச்சுக்கறேன். ஏங்க, இந்தாங்க சிரிஞ்சு. நீங்க ஊத்துங்க. ஆமா, நீங்கதான். என்னப் பாக்காதீங்க, குட்டியப் பாருங்க. கடவாய்ப் பக்கமா விடுங்க, பல்லு இல்லாத எடத்துல. நாக்குக்குப் பின்னாடி. கொஞ்சமா. நிறுத்துங்க, முழுங்கட்டும். தொண்டை அசையுது பாருங்க. ம். இப்ப இன்னும் கொஞ்சம். அவசரமில்ல, நமக்கு என்ன வேல கெடக்கு?

செருமுதா?

தும்மல்தான். வெறும் தும்மல். பயந்துட்டீங்களா? நானுந்தான். இன்னும் இருக்கறதையும் விடுங்க. மெதுவா. மெதுவா... அவ்ளோதான். எறங்கிடுச்சுங்க. முழுசா எறங்கிடுச்சு. மூச்சப் பாருங்க, சீரா இருக்கு.

அந்த மாடி வீட்டம்மா எங்க? போயிட்டாங்களா? சட்டையக்கூட எடுக்காமப் போயிட்டாங்க. நல்ல மாதிரி. அதிகம் பேசமாட்டாங்க.

என்னது? கேக்கல, சத்தமாச் சொல்லுங்க. டாக்டரம்மா நெஜமாவே அப்படிச் சொன்னாங்களாவா?

சொன்னாங்கங்க. அவங்க சொல்லலன்னாலும் நான் சொல்றேன்.

மொதல்ல இதத் தூக்கிக் கீழ விடுங்க. மடியெல்லாம் நனச்சிடுச்சு.