ஏரியைச் சுத்திட்டு வர்றேன்னா

இல்லக்கா, உக்காரச் சொல்லாதீங்க. உக்காந்தா இந்த ஜன்னல்ல ரோடு தெரியல. நின்னுக்கறேன். மருந்துக்கடையில பதினாலு வருஷமா நின்னே பழகின காலு, ஒண்ணும் ஆகாது.

இந்த ஏரியைச் சுத்தி வர எவ்ளோ நேரம்னு சொன்னீங்க? முக்கால் மணி நேரமா? ஜெட்டு போய் ஒண்ணரை மணி நேரம் ஆச்சேக்கா. ஆமா, என்கூட வந்திருக்கிறவதான். ஸ்கூல்ல வச்ச பேரு. சைக்கிள்ல அப்படிப் பறப்பா. அப்புறம் பாருங்க, ஸ்கூல் வேன் ஓட்டப் போனா, முப்பது பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு ஆமை மாதிரி ஓட்டுவா. பேருக்கும் ஓட்டத்துக்கும் சம்பந்தமே இல்ல.

போன் பண்ணிப் பாக்கச் சொல்றீங்களா? இங்க எங்கக்கா சிக்னல்? மாடிப்படியில ஏறி நின்னுகூடப் பாத்துட்டேன்.

உங்க லாட்ஜ் நல்ல இடம்தான், குறை சொல்லல. அஞ்சு நாளா மலை, ஏரி, மறுபடி மலை. ஒரு ஏரி பச்சையா இருக்கு, இன்னொண்ணு பால் கலந்த மாதிரி இருக்கு. எங்கயும் ஒரு நாளுக்கு மேல தங்க மனசு வரல, கிளம்பு கிளம்புன்னு ஓடிக்கிட்டே இருக்கோம். முந்தாநேத்து மேகம் ரோட்டுக்கே இறங்கி வந்துடுச்சு. நான் எறும்பு மாதிரி ஊர்ந்து போறேன். அவ பக்கத்துல கண்ணை மூடிக்கிட்டே, செகண்ட் கியர் போடு, பிரேக்கைப் போட்டு மிதிக்காதேன்னு சொல்லிட்டு வர்றா. சத்தத்தை வச்சே தெரியுது அவளுக்கு.

அதான் கேக்கறீங்களா? ஓட்டத் தெரிஞ்சவ சும்மா இருக்க, நான் ஏன் ஓட்டினேன்னு? ரெண்டு வருஷமா அவ ஸ்டியரிங்கைத் தொடலக்கா. வேன் வேலையையும் விட்டுட்டா. ஒரு குடோன்ல அட்டைப்பெட்டி ஒட்டிக்கிட்டு இருக்கா.

ஒரு விபத்து. என் காரைத்தான் ஓட்டிட்டுப் போனா. எதிர்ல வந்த லாரிக்காரன் கண்ணசந்துட்டான். விசாரணையில, இவ மேல தப்பே இல்லன்னு எழுதிக் குடுத்தாங்க. அந்தக் காகிதத்தை இவ பிரிச்சுக்கூடப் பாக்கல. இவளுக்குக் கையில ஒரு எலும்பு முறிஞ்சதோட சரி. பக்கத்துல உக்காந்திருந்தவர் போய்ட்டாரு.

என் வீட்டுக்காரர்தான்க்கா.

ஐயோ, நீங்க ஏன் எந்திரிக்கிறீங்க? உக்காருங்க.

அவரை ரயிலேத்தி விடத்தான் கூட்டிட்டுப் போனா. அதுக்கப்புறம் தினம் எங்க வீட்டுக்கு வந்துடுவா. பாத்திரம் கழுவுவா, துணி மடிப்பா, எங்க மாமியாருக்குக் கால் அமுக்கி விடுவா. கூனிக் குறுகி அவ நிக்கிறதை என்னால பாக்க முடியல. அதான் லீவு போட்டு இழுத்துட்டு வந்தேன். மலையைப் பாத்தா சரியாயிடும்னு நெனச்சேன். மலை என்ன பண்ணும், பாவம்.

இன்னிக்குக் காலைல அந்தப் படகுத்துறையில உக்காந்து அவகிட்ட ஒரு விஷயத்தைச் சொல்லிட்டேன். ரெண்டு வருஷமா மறைச்சு வச்சிருந்தது. திட்டுவான்னு பாத்தேன். அடிச்சிருந்தாக்கூட வாங்கிட்டிருப்பேன். கையை நீட்டி, கார் சாவியைக் குடுன்னா. ஏரியைச் சுத்திட்டு வர்றேன்னா. நானும் வரட்டுமான்னேன். வேணாம்னுட்டா.

அந்தப் பக்கம் வளைவுல தடுப்புச் சுவர்கூட இல்லியேக்கா. என்ன புத்தியில குடுத்தேனோ.

இருங்க, வெள்ளை வண்டி ஒண்ணு... ச்சே, பால் வண்டி.

இல்லக்கா, அதுக்குப் பின்னாடி! அவதான். வந்துட்டா. பாருங்க, எவ்ளோ அழகா ரிவர்ஸ் எடுக்கறா. நேத்து அந்த இடத்துல நிறுத்த எனக்கு நாலு தடவை ஆச்சு. ஆனா இறங்கலியே. அழுதிருக்கா, முகமெல்லாம் வீங்கியிருக்கு. உள்ளேயிருந்தே எட்டி இந்தப் பக்கக் கதவைத் திறந்து விடறா. எனக்குத்தான்.

வர்றேன்க்கா. என் செருப்பு எங்க?

என்னது? அன்னிக்கு நான் ஏன் ஏத்திவிடப் போகலன்னா? அவரோட சண்டைக்கா. ஒரு சட்டையை இஸ்திரி போடலன்னு ஆரம்பிச்சது. தலைவலின்னு பொய் சொல்லி, அவளைப் போகச் சொன்னேன். அதைத்தான் காலைல சொன்னேன்.