மூன்று வாரமாக வராத வாசகர்

பெருந்துறையிலிருந்து கோவை போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள் கைப்பேசியைப் பார்த்தபடி சொன்னாள்:

"நான் எழுதற கதையப் படிக்கற ஒரே ஆளும் மூணு வாரமா வரலீங்கக்கா."

"கதையா? நீ எப்பக் கண்ணு எழுத ஆரம்பிச்சே?"

"நீங்க கடைசியா ஊட்டுக்கு வந்துட்டுப் போனதுக்கப்புறங்க, ஒரு வருசமாச்சு. வாராவாரம் நெட்டுல போடறேன். அவரு ஆருன்னே தெரியாது, ரோசாப்பூ படம் வெச்சிருப்பாரு. 'அடுத்தது எப்போ'ன்னு தவறாமக் கேப்பாரு."

"அவரு போனாப் போறாரு. எனக்கு அனுப்பு, நான் படிக்கறேன்."

"வேண்டாங்கக்கா. அதுல நீங்களும் வாரீங்க."

மூத்தவள் சிரித்தாள். "அட! நான் என்ன பண்றேன் அதுல?"

"எங்க ஊட்டுக்கு வாரத நிறுத்திப்போடறீங்க."

அவிநாசி தாண்டியதும் மூத்தவள் அவள் பக்கம் திரும்பிக் கேட்டாள்:

"அது எந்த அத்தியாயத்துல வருது, அம்மணி?"

"மொத அத்தியாயத்துலயேங்க."