இந்தாங்க

"மூளை வீங்குனா மண்டை பத்தாதே மச்சான்?"

ஆலங்குடி பஸ்ஸில் இப்படி ஒரு பேச்சு வந்தால், என் காது என்னைக் கேட்காமலே முன்சீட்டுக்குப் போய்விடும். அங்கே ஜன்னலோரம் அவித்த கடலைப் பொட்டலத்தோடு ஒரு அம்மா, நடுவில் அவர் புருஷன், இந்தப் பக்கம் அந்த அம்மாவின் தம்பி. கேட்டது தம்பி.

"மண்டை வீங்கலை மாப்ள. இந்த மறதி நோயில மூளைக்குள்ள கண்ணுக்குத் தெரியாத வீக்கம் இருக்குமாம். டாக்டர் சொன்னாரு."

"அப்ப ஒங்க முட்டி வீக்கத்துக்குப் போடுற பத்தை அக்கா தலையில போட்டுருவமா?"

"நானும் அதைத்தான் கேட்டேன்."

"டாக்டர் சிரிச்சிருப்பாரே."

"சிரிக்கலை. முட்டி மருந்து இதுக்குக் கேக்காதாம். இந்த வீக்கத்தைக் கொறைச்சுப் பாக்க ஆராய்ச்சி நடக்குதாம். கொணமாக்குற மருந்து இன்னும் வரலையாம்."

தம்பி கேலியை நிறுத்திக்கொண்டார்.

"ஒங்கக்கா ஒருநாளும் எம் பேரைச் சொன்னதில்லை. 'இந்தாங்க'ன்னுதான் கூப்புடுவா. ஒரு தடவ பேரைச் சொல்லேன்னு வம்பு பண்ணுவேன். இப்ப பேரெல்லாம் வேணாம் மாப்ள. வீக்கம் வடிஞ்சு, ஒரே ஒரு 'இந்தாங்க' வந்தாப் போதும்."

திருவரங்குளம் தாண்டியதும் அந்த அம்மா திரும்பினார்.

"இந்தாங்க..."

புருஷன் சட்டென்று நிமிர்ந்தார்.

"...சார், கடலை சாப்புடுங்க."

இரண்டு கையையும் ஏந்தி வாங்கிக்கொண்டார்.

"பாதி வடிஞ்சிருச்சு மாப்ள," என்றார்.