புதினா வானொலியில் பாதியில் அறுந்த வாழ்த்து

அடுப்பில் ஏற்றிய பாலைக் கண்ணெடுக்காமல் பார்ப்பதுபோல் இந்த அவையைப் பார்த்துக்கொண்டிருக்கும் எங்கள் சங்கத் தலைவி லல்லா மஹ்ஜூபா அவர்களே, அஸர் தொழுகை முடித்த கையோடு, தஸ்பீஹ் மணியை இன்னும் விரலிலிருந்து இறக்காமல் முன்வரிசைக்கு வந்து மதிப்புச் சேர்த்திருக்கும் பெரியோர்களே, ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் பிள்ளை கழற்றி எறிந்த செருப்புமாக வந்திருக்கும் தாய்மார்களே, புகை மணம் போகாத சட்டையோடும் ஆறாத மனத்தோடும் வந்து, ஆனாலும் வந்து, அமர்ந்திருக்கும் தச்சர் தெருச் சகோதரர்களே, மூன்றாம் வரிசைத் தூணுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் என் தங்கை குஸூன் அவர்களே! தூண் ஒல்லி, தங்கையே. நீ தெரிகிறாய். அனைவருக்கும் இந்த யாம்னாவின் ஸலாம்.

மைக் இரைகிறதா? சற்றுத் தள்ளி நிற்கிறேன். வானொலிக்காரிக்கு ஒலிவாங்கி பிடிக்கத் தெரியவில்லை என்று யாரும் தலைநகர் ரபாத்துக்கு எழுதிவிடாதீர்கள். அங்கிருந்து ஏற்கெனவே ஒரு கடிதம் வந்திருக்கிறது. அந்தக் கடிதத்தைப் பற்றிப் பேசத்தான் நாம் கூடியிருக்கிறோம்.

என்ன கடிதம்? ஒலிபரப்பு ஆணையத்தின் கடிதம். என்ன குற்றம்? நம் ரொட்டிச் சூளைக்கு மேல்மாடியில், கோடையில் நாமே வெந்து ரொட்டியாகும் அந்த ஒற்றை அறையில் இயங்கும் நம் புதினா வானொலி, நேரலையில் ஊர் மக்களைச் சபித்ததாம். தீயில் கடை இழந்தவர்களை இழித்துப் பேசியதாம். என்ன தண்டனை? இரண்டில் ஒன்று. பேசிய பெண்ணை ஒலிவாங்கிப் பக்கமே இனி வரவிடாமல் நீக்கினால் வெறும் எச்சரிக்கை. நீக்க மறுத்தால் முப்பது நாள் மௌனம். நாளைக் காலை பத்து மணிக்குள் பதில் தபாலில் சேர வேண்டும்.

பேசிய பெண் யார்? தூணுக்குப் பின்னால் இருப்பவள்தான்.

ஷாம் நாட்டு ஹமாவிலிருந்து, இங்கே குடியேறிய தன் அண்ணன் வீட்டுக்கு வந்தவள் குஸூன். வந்த பதினோராம் நாள் நம் மாடிப்படி ஏறினாள். "அக்கா, எனக்கு இந்த ஊர்ல யாரையும் தெரியாது. ஆனா எனக்குப் பேச வரும்" என்றாள். பேசவும் வந்தது. பிஸ்தாப் பருப்பை எப்படி உரிப்பது என்று அவள் அரை மணி நேரம் சொன்னாள். பிஸ்தாவே வாங்காத வீடுகளில்கூட வானொலியை யாரும் அணைக்கவில்லை. அப்படி ஒரு குரல். தேனில் விழுந்த குரல். தேனிலிருந்து எழ மனமில்லாத குரல்.

புதன்கிழமை தச்சர் தெருவில் தீப்பிடித்தது. மூன்று கடைகள். உயிர்ச் சேதமில்லை, அல்ஹம்துலில்லாஹ். வியாழன் காலை தீயணைப்புப் படைத் தலைவரை நாம் நிலையத்துக்கு அழைத்தோம். பேட்டி எடுத்தவள் குஸூன். கேள்விகள் அழகு, பதில்கள் அளவு, எல்லாம் நலம். முடிக்கும் நேரத்தில் இவள் நிமிர்ந்து உட்கார்ந்து, நெஞ்சில் கை வைத்து, சொன்னாள்: "அண்ணா, அல்லா உங்களுக்கு ஆஃபியாவைக் கொடுக்கட்டும்."

சிரிக்கிறீர்கள். இப்போது சிரிக்கிறீர்கள். அன்றைக்கு யார் சிரித்தீர்கள்?

அவள் ஊரில் ஆஃபியா என்றால் என்ன? உடல் நலம், உள்ள நலம், சுகம். நம் ஊரில்? நெருப்பு. ஏன் நமக்கு மட்டும் நெருப்பு? நெருப்பை நெருப்பென்று அழைத்தால் கூப்பிட்ட குரலுக்கு அது வந்துவிடுமோ என்று அஞ்சியவர்கள் நாம். என் மாமியார் கரியைக் கரி என்று ஒருநாளும் சொன்னதில்லை. "யாம்னா, அந்த வெள்ளையை எடுத்து அடுப்புல போடு" என்பார். புதுமருமகளாக வந்த நான் சமையலறை முழுக்க வெள்ளையாக எதையோ தேடி, கடைசியில் மாவைக் கொண்டுபோய் அடுப்பில் கொட்டினேன். கண் தெரியாதவரைப் பார்வையுள்ளவர் என்போம். கசப்பானதற்கு இனிப்பான பெயர் வைப்போம். அது நம் பண்பு. அந்தப் பண்பால் நெருப்புக்குச் சுகம் என்று பெயர் வைத்தோம். சுகத்தைச் சுகமென்றே எண்ணி ஒருத்தி சொன்னாள், நாம் சுட்டுக்கொண்டோம். இதில் சொல் செய்த குற்றம் என்ன? சொன்னவள் செய்த குற்றம் என்ன?

என்னம்மா? கொஞ்சம் உரக்க... "டிவி சீரியல்ல ஷாம்காரங்க இப்படித்தானே பேசுறாங்க, நமக்கே தெரியுமே" என்கிறீர்களா? தெரியும். நன்றாகத் தெரியும். இரவு எட்டு மணிக்குச் சோபாவில் சாய்ந்திருக்கும்போது தெரியும். ஆனால் புகை அடங்காத காலையில், எரிந்த கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பவனுக்கு? காது தன் வீட்டு அர்த்தத்துக்குத்தான் ஓடும் அம்மா. அடுத்த வீட்டு அர்த்தத்துக்கு ஓட அதற்கு அன்று தெம்பில்லை.

படைத் தலைவர் தங்கமான மனிதர். கண்ணை அகல விரித்துவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, அதை அணைக்கிறதுதான் முப்பது வருஷமா எனக்கு வேலை. நீ அதை எனக்கே கொடுக்கச் சொல்றியே."

"ஏன் அண்ணா, உங்களுக்கு ஆஃபியா வேண்டாமா?"

"வேண்டாம்மா. நேத்தே நிறைய கிடைச்சுது."

அத்தோடு முடிந்திருந்தால் ஊரே சிரித்திருக்கும், ரபாத்தும் சிரித்திருக்கும். ஆனால் அந்தப் பிள்ளை, வாழ்த்தில் யாரையும் விட்டுவிடக் கூடாது என்று வளர்க்கப்பட்ட பிள்ளை, ஒலிவாங்கியை இன்னும் அருகில் இழுத்தாள். "தச்சர் தெருவுக்கும் அல்லா ஆஃபியாவைக் கொடுக்கட்டும். ஒவ்வொரு கடைக்கும், ஒவ்வொரு—"

அறுந்தது ஒலி. அடுத்த நொடி ஒலித்தது கல்யாணப் பாட்டு. கொட்டும் குலவையுமாக.

நினைத்துப் பாருங்கள். கடை எரிந்த நம் தச்சர் ஸி பூஷ்தா கரியான தன் இழைப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறார். முதலில், ஒவ்வொரு கடைக்கும் நெருப்பு. பிறகு, டும் டும் டும். அவர் இடத்தில் நாம் இருந்தால் புகார் எழுதியிருக்க மாட்டோமா? நான் எழுதியிருப்பேன். இரண்டு எழுதியிருப்பேன்.

ஆம், புகார் எழுதியவர் ஸி பூஷ்தாதான். இதோ, கைகட்டி அமர்ந்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல நான் இந்த மேடை ஏறவில்லை. சனிக்கிழமை குஸூனை அழைத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். எங்களைக் கண்டதும் அவர் சொன்னது: "வாங்க லல்லா யாம்னா. உள்ளே ஒரு அலமாரி இன்னும் எரியாம இருக்கு. அதுக்கும் ஒரு வாழ்த்து சொல்லிட்டுப் போங்க."

குஸூனுக்கு நம் கேலி புரியவில்லை. உண்மையாகவே அலமாரியைப் பார்த்து வாயைத் திறந்தாள். நான்தான் அவள் கையைக் கிள்ளினேன். பிறகு விளக்கினேன். அவள் முகத்திலிருந்து நிறம் இறங்கியது. மெல்லச் சொன்னாள்: "ஐயா, எங்க ஊர்ல கை வலிக்க வேலை செய்யுற யாரைப் பார்த்தாலும் இதைத்தான் சொல்வோம். எங்கப்பாவுக்குக் குழி வெட்டினவருக்கும் இதைத்தான் சொன்னேன். அன்னிக்கு எனக்கு வேற எந்த வார்த்தையும் வரல."

ஸி பூஷ்தா இழைப்புளியைக் கீழே வைத்தார். "ஒவ்வொரு கடைக்கும்னு ஆரம்பிச்சியேம்மா, அப்புறம் என்ன சொல்ல வந்தே?"

"ஒவ்வொரு கடைக்கும், ஒவ்வொரு கைக்கும் ஆஃபியா கொடுக்கட்டும், எரிஞ்சதையெல்லாம் முன்னைவிட அழகா நீங்க எழுப்பணும்னு."

"அதைச் சொல்லியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்குமே. ஏன் சொல்லல?"

"பாட்டு போட்டுட்டாங்க ஐயா."

"அதைத்தான் நான் கேக்குறேன். உங்க ரேடியோவே அதை வசவுன்னு நெனச்சுத்தானே அறுத்துச்சு? பக்கத்துல உக்காந்திருந்த உங்களுக்கே அது வசவா கேட்டுச்சுன்னா, தெருவுல நின்ன எனக்கு எப்படிக் கேட்கணும்?"

பதில் இருக்கிறதா யாரிடமாவது? ஆணையத்தின் கடிதமும் இதையேதான் சொல்கிறது, நான்காம் பத்தியில்: நிலையமே ஒலியைத் துண்டித்தது, ஆகவே அது வசவு என்பதை நிலையமே ஏற்றது. கத்தரிக்கோலே சாட்சியாகிவிட்டது அன்பர்களே.

குஸூன் என்னைப் பார்த்தாள். நான் தரையில் கிடந்த கரியைப் பார்த்தேன்.

சொல்லிவிடுகிறேன். ஒலியை அறுத்தவள் நான்.

அமைதி, அமைதி. தலைவி அவர்களே, நீங்கள் உட்காருங்கள். தவறான சொல் வந்தால் குமிழைத் திருப்பு, பாட்டைப் போடு என்று சுவரில் எழுதி ஒட்டியவளும் நான்தான். கேட்டேன், அஞ்சினேன், என் புத்தி எழுந்து வருமுன் என் கை எழுந்து போய்விட்டது. கையில் கிடைத்த பாட்டு கல்யாணப் பாட்டு. சரி, அஞ்சியது கை. அடுத்த நொடியில் திருப்பித் திறந்து, "மக்களே, அவர் சொன்னது சுகம்" என்று நான்கு சொல் சொல்ல எனக்கு நாவில்லையா? இருந்தது. ஸி பூஷ்தாவின் கடையில் நின்று, "அறுத்தது நான் ஐயா" என்று மூன்று சொல் சொல்ல நாவில்லையா? இருந்தது. வீட்டுக்கு வந்து ஐந்து வேளை தொழுதேன். ஐந்து வேளையும் நாவு துஆவைச் சொன்னது. நெஞ்சு கரியைப் பார்த்துக்கொண்டிருந்தது. இவளோ, இந்தப் பிள்ளை, கடிதம் வந்த நாளிலிருந்து யாரிடமும் என் பெயரைச் சொல்லவில்லை. "அக்கா பயந்துட்டாங்க, நானும் பயப்படுறவதான்" என்று தன் அண்ணனிடம் சொன்னாளாம். அதுகூட அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இப்போது நம் செயலாளர் எழுதி வைத்திருக்கும் பதிலுக்கு வருவோம். அழகான கையெழுத்து. "மேற்படி பெண்மணியை வருத்தத்துடன் நீக்குகிறோம்." வருத்தத்துடன். கத்திக்கு வெண்ணெய் தடவினால் வெட்டு வலிக்காதா? ஒருத்தி போனால் ஊர் வானொலி பிழைக்கும் என்கிறீர்கள். முப்பது நாள் மௌனம் பெரிது என்கிறீர்கள். பெரிதுதான். விலையில்லாப் பேச்சுக்கு விலை தெரிவது அது நிற்கும்போதுதான். ஆனால் கேட்கிறேன்: வாழ்த்தியவளை விரட்டிவிட்டு, அந்த ஒலிவாங்கியில் நாம் எதைப் பேசுவோம்? வானிலையா? வெங்காய விலையா? ஒருத்தி நல்லது சொன்னாள் என்று தெரிந்தும் கெட்டது சொன்னாள் என்று கையெழுத்திட்ட வாய், காலையில் பிஸ்மில்லாஹ் சொல்லி ஒலிபரப்பைத் தொடங்குமா? தொடங்கினால் அது நமக்கே கேட்குமா?

பேச்சு வழக்குத் தெரியாத ஊரில் பேச வந்தவள் அவள். பேச்சு வழக்குத் தெரிந்த ஊரில் பேசாமல் இருந்தவள் நான். இருவரில் யாரை நீக்குவது நீதி?

நானும் ஒரு பதில் எழுதியிருக்கிறேன். பள்ளிக்கூடம் போகாதவள் கடிதம், பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாசிக்கிறேன். "ஐயாமாரே, குஸூன் சபிக்கவில்லை, வாழ்த்தினார். வாழ்த்து முழுவதும் இத்துடன் இணைத்த தாளில் இருக்கிறது. அதைப் பாதியில் அறுத்து வசவாக்கியவள் யாம்னா. ஒருவரை நீக்கியாக வேண்டுமென்றால் யாம்னாவை நீக்குங்கள். குஸூனை நாங்கள் நீக்கமாட்டோம். மௌனம் விதித்தால் முப்பது நாளும் மௌனமாயிருப்போம். முப்பத்தோராம் நாள் காலை ஒலிவாங்கியில் அவர்தான் அமர்வார்." இதன் கீழே என் பெயர் இருக்கிறது. மற்ற இடமெல்லாம் காலி.

தூணுக்குப் பின்னால் அழ வேண்டாம் தங்கையே. அழுவதென்றால் வெளியே வந்து அழு, எல்லோரும் பார்க்கட்டும்.

யார் எழுந்திருப்பது? ஸி பூஷ்தா. சொல்லுங்கள் ஐயா, கேட்கிறேன். மைக்கைக் கொடுங்கள் அவரிடம். வேண்டாமா? சரி, நானே உரக்கச் சொல்கிறேன், பின்னால் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும். ஐயா சொல்கிறார்: "லல்லா யாம்னா, உங்க மேல எனக்குக் கோபம் போகல. போக நாளாகும். ஆனா அந்தப் பொண்ணு மேல இல்ல. பேனாவைக் கொடுங்க, உங்க பேருக்கு அடுத்த பேரு என்னோடது. ஒண்ணே ஒண்ணு மட்டும். கடை கட்டி முடிக்கிற வரைக்கும் என் தெருப் பக்கம் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டாம்னு அதுகிட்டச் சொல்லி வைங்க. சொல்லியே ஆகணும்னா, மழைன்னு சொல்லட்டும்."

கேட்டாயா குஸூன்? மழை. தச்சர் தெருவுக்கு மழை.

என் கோபக்காரச் சகோதரர் மேடைப்படி ஏறுகிறார், வழிவிடுங்கள். புகார் எழுதிய கையே பதிலும் எழுதப் போகிறது. இதற்கு மேல் நான் பேசினால் அது பேராசை. என்னைப் பேசவிட்ட தலைவிக்கு நன்றி. தன் அழகான கையெழுத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டுவிட்ட செயலாளருக்கு நன்றி. பிள்ளைகளை அழவிடாமல் வைத்திருந்த தாய்மார்களுக்கும், அழுதாலும் எழுந்து போகாத தாய்மார்களுக்கும் நன்றி. தாள் மேசைமேல் இருக்கிறது. பெயர் எழுதத் தெரிந்தவர்கள் எழுதுங்கள். தெரியாதவர்கள் விரலைக் கொடுங்கள், மை தொட்டு வைக்க நான் இங்கேயே நிற்கிறேன். தள்ளாமல் வாருங்கள், தாய்மார்கள் முதலில். உங்கள் எல்லோருடைய வாசலிலும் சாந்தி தங்கட்டும், வஸ்ஸலாம்.