பூச்சோங்கில் ரேடியோ கேட்கிறார்களா?

காலையில் ரேடியோவில் சாமி பாட்டு வந்ததும் விளக்கேற்றுவது எங்கள் வீட்டு வழக்கம். மலேசியாவில் டிஷ் டிவி அப்போதுதான் வர ஆரம்பித்திருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, கிள்ளான் கோயிலிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“பூச்சோங்ல எல்லார் வீட்லயும் டிஷ் போட்டுட்டாங்களாக்கா?” என்றார் இளையவர்.

“ஏன், நீ விக்கப் போறியா?”

“மக அங்கதான் இருக்காளாம். அவளா கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போனதுலேர்ந்து பேச்சில்ல. வருஷா வருஷம் அவ பிறந்தநாளுக்கு ரேடியோவுக்கு வாழ்த்து எழுதிப் போடுறேன். எங்கயாச்சும் கேப்பான்னுதான்.”

“டிஷ்லயும் ரேடியோ வருதுலா. டிஜிட்டலாம், கரகரப்பே இல்ல. ஆனா எங்க வீட்ல படம்தான் ஓடுது.”

மூத்தவர் இளையவர் பக்கம் திரும்பினார்.

“உன் வீட்டுக்காரருக்குத் தெரியுமா?”

“போன வருஷம் கேக்காமலே அவர் பேரையும் சேர்த்துட்டேன். ரேடியோவுல அப்பான்னு அவர் பேரைச் சொன்னதும் எந்திரிச்சாரு. அடைக்கத்தான் போறாருன்னு நெனச்சேன். சத்தத்தைக் கூட்டி வச்சிட்டு வந்து உக்காந்தாரு.”

“அட.”

“இந்த வருஷம் எழுதிட்டியான்னு அவரே கேக்குறாரு. இப்பப் போயி அவ டிஷ் வாங்கியிருந்தா என்னக்கா பண்றது?”