பதினேழு சீட்டுகள்

தட்டச்சு வகுப்பில் எனக்கு வேகம் போதாது என்பார்கள். ஆனால் நான் அடித்த தாளில் பிழை இருக்காது. லஸ் முனையில், மாடியில் நடக்கும் அந்த வகுப்புக்கு மாலை ஆறு மணிக்குப் போவேன். ஏழரைக்கு வீடு திரும்பி நாட்குறிப்பு எழுதுவேன். இதை மட்டும் நாட்குறிப்பில் சேர்க்காமல் தனித்தாளில் எழுதுகிறேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டால் முன்பின் குழம்பாமல் சொல்ல வேண்டுமே என்றுதான்.

சாந்தோம் பக்கத்துப் பெண்கள் பள்ளி ஒன்றில் படித்து, அங்கேயே அலுவலக உதவியாளராக இருக்கிறேன். பத்தாம் வகுப்பில் நான்தான் பள்ளித் தலைவி. அதனால் 1994 ஜூனில் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, வகுப்புத் தலைவிகளுக்குச் சனிக்கிழமைதோறும் தலைமைப் பயிற்சி நடத்தச் சொன்னார். ஒன்பது, பத்து வகுப்புகளிலிருந்து பதினெட்டுப் பேர். சுதந்திர தினத்தன்று அவர்களில் ஒருத்திக்குப் பள்ளித் தலைவி பேட்ஜ்.

யாருக்கு என்பது முதல் சனிக்கிழமையே தெரிந்துவிட்டது. வரிசை நேராக நிற்க நான் மூன்று முறை விசில் ஊதினேன். நிற்கவில்லை. பத்தாம் வகுப்பு முத்துமாரி முன்னால் வந்து, "ஏய், மீன் கூடைய எறக்கி வெச்ச மாதிரி இன்னாடி குமிஞ்சிக்கினு நிக்கிறீங்க? அக்கா பாவம், ஊதி ஊதி கன்னம் பூரி மாதிரி ஆயிடுச்சி பாரு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே வரிசை நேராகிவிட்டது. நானும் சிரித்தேன்.

முத்துமாரியின் அம்மா தேசம்மா நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கிறவர். பயிற்சியில் ஒவ்வொருத்தியோடும் தனியாகப் பேசும் நாளில் முத்துமாரி என்னிடம் ஒன்று சொன்னாள்.

"காலைல அஞ்சு மணிக்கு அம்மாவுக்கு மீன் ஆஞ்சி குடுத்துட்டுதான்க்கா வர்றேன். எலுமிச்சம்பழத் தோலு தேச்சிக்குவேன், வாட வராது. ஷம்ஷாத்துக்கு மட்டும்தான் தெரியும். யாராண்டயும் சொல்லிடாதக்கா."

ஷம்ஷாத் அவளுடைய உயிர்த்தோழி. ராயப்பேட்டையிலிருந்து வருகிற பெண். நான் யாரிடமும் சொல்லவில்லை. இதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும்.

பயிற்சியின் கடைசிப் பகுதி சீட்டு. ஒவ்வொருத்தியும் மற்றப் பதினேழு பேரைப் பற்றியும் மனதில் பட்டதைப் பெயர் போடாமல் எழுத வேண்டும். என் காலத்திலும் இது இருந்தது. கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் எல்லாவற்றையும் வகுப்புக்கு எடுத்துப்போய்த் தட்டச்சு செய்து, அசலை எரித்துவிடுவதாகப் பெண்களுக்கு வாக்குக் கொடுத்தேன். அதன்படியே எரித்தேன். முந்நூற்று ஆறு சீட்டுகள். ஒன்பது மாலைகள் ஆயின.

முத்துமாரிக்கு வந்தவற்றைக் கடைசியாக எடுத்தேன். 'வகுப்பில் யார் அழுதாலும் முதலில் பார்ப்பவள் மாரி.' 'இவள் திட்டினால்கூட எனக்குக் கோபம் வராது.' ஒன்று ஷம்ஷாத்தின் கையெழுத்து: 'நீ கூப்பிட்டால் நான் கடலுக்குள்ளும் வருவேன்.' பதினேழிலும் ஒரு குறைகூட இல்லை. எனக்கு அந்த வயதில் வந்த சீட்டுகளில் ஒன்பது பேர் 'நேரம் தவறாதவள்' என்று எழுதியிருந்தார்கள். மற்றவர்கள் எழுதியதும் கிட்டத்தட்ட அதேதான்.

இதைப் பொறாமை என்று சொல்லலாம். நானும் சந்தேகப்பட்டேன். மூன்று நாள் யோசித்து, இல்லை என்று முடிவுக்கு வந்தேன். புகழ்ச்சியை மட்டும் கேட்டு வளர்கிறவள் முதல் அடியிலேயே விழுந்துவிடுவாள். தலைவி தாங்கப் பழக வேண்டும்.

ஆகஸ்ட் ஆறாம் தேதி அவரவர் சீட்டுகளை உறையில் போட்டுக் கொடுத்தேன். முத்துமாரி படித்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். பிறகு என் மேசைக்கு வந்தாள்.

"பதினேழு பேருமாக்கா?"

"பதினேழு பேரும்தான்" என்றேன்.

அவள் அழவில்லை. தாங்குகிறாள் என்று அன்றிரவு நாட்குறிப்பில் எழுதினேன்.

அடுத்த வாரம் முழுதும் குழாயடியிலேயே நின்றாள். கழிப்பறைக்கென்று வாங்கி வைத்திருந்த ப்ளீச்சிங் பவுடர் குறைவதாக ஆயா சொன்னார். அதைத் தண்ணீரில் கரைத்து, காலையும் மாலையும் கைகளை அதில் ஊறவைத்திருக்கிறாள். தோல் உரிந்தது. உரிந்த கையோடு உப்புத் தண்ணீரில் மீன் கழுவியிருக்கிறாள். பேட்ஜ் கொடுத்த நாளில் அவள் மருத்துவமனையில், இரண்டு கையிலும் கட்டோடு கிடந்தாள். பேட்ஜை வேறொரு பெண் வாங்கிக்கொண்டாள்.

விழா முடிந்து நான் அங்கே போனபோது தேசம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னா படிப்புமா இது? சீழு வெச்சிக்கினு கீது, ஏண்டி இப்டி பண்ணேன்னு கேட்டா வாயே தொறக்க மாட்றா."

அப்போது ஷம்ஷாத் ஓடி வந்தாள். "மாரி, இன்னாடி ஆச்சு? என்னப் பாருடி."

முத்துமாரி பார்த்தாள். "எலுமிச்சம்பழம் வாங்கினு வந்தியா?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஷம்ஷாத்துக்கு ஒன்றும் புரியவில்லை. நான்தான் அவளை வெளியே அழைத்துப்போய், இனி வர வேண்டாம், நோயாளிக்குத் தொந்தரவு என்று சொன்னேன்.

செய்ததைச் சொல்லிவிடுகிறேன். முதலில் ஒரே ஒரு சீட்டைத்தான் மாற்றினேன். 'எலுமிச்சை தேய்த்தாலும் மீன் நாற்றம் போகவில்லை' என்று அடித்தேன். அடித்துப் பார்த்தபோது, பதினாறு நல்ல சீட்டுகளுக்கு நடுவே அது பொருந்தாமல் தெரிந்தது. படிப்பவள் சந்தேகப்படுவாள். அதனால் மற்றப் பதினாறையும் அடித்தேன். ஒன்றைப் போல் இன்னொன்று இருக்கக் கூடாதென்று கவனமாக வார்த்தைகளை மாற்றினேன். 'உன் பக்கத்தில் சாப்பிட முடியவில்லை.' 'உன்னைப் பார்த்துச் சிரிக்கிறோம், உன்னோடு அல்ல.' இரண்டு மாலைகள் ஆயின.

கட்டு அவிழ்த்தாகிவிட்டது. வலது கை விரல்கள் முழுதும் மடங்குவதில்லை. பேனா பிடிக்க வரவில்லை. மார்ச் மாதப் பரீட்சைக்கு அவள் பெயர் போகவில்லை. பள்ளிப் பெண்கள் குப்பத்துப் பக்கம் வந்தால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். நான் ஞாயிறுதோறும் போகிறேன். எனக்கு மட்டும் கதவைத் திறக்கிறாள். போன வாரம் என் தோளில் சாய்ந்துகொண்டு, "அன்னிக்கி நீ ஒருத்திதான்க்கா என்னப் பத்தி எதுவும் எழுதல" என்றாள்.

நான் மறுக்கவில்லை. நம்புவதற்கு அவளுக்கு ஒருவராவது வேண்டும்.