பத்துத் தட்டு, ஒரு தட்டு

கட்டைவிரல் இப்படி மரத்துப்போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கராஜில் நின்று இன்ஹேலரை அழுத்திக்கொண்டே இருந்தேன். நூற்று நாற்பது எண்ணியிருப்பேன், மாடியில் ஷவர் சத்தம் நின்றது. என் மனைவி ஜோசபின் குளித்து முடித்துவிட்டாள். மிச்சத்தை அவசரமாக அழுத்தித் தீர்த்தேன். ஏற்கெனவே அப்படிக் காலிசெய்த இன்னொன்றும் இருந்தது. ஒன்றை அவள் கைப்பையிலும் மற்றதைச் சமையலறை டிராயரிலும் திரும்ப வைத்தேன். பிறகு எங்கள் மகள் ஜெஸ்மிக்கு டோஸ்ட் போட்டுக் கொடுத்துவிட்டு ஆபீஸ் கிளம்பினேன்.

1998 ஜூன், அமெரிக்காவில் பிஸ்கட்டவே. காற்றெல்லாம் மகரந்தம். ஜோசபினுக்குத் தினம் இரண்டு தடவையாவது மூச்சு முட்டும் மாதம்.

காரணம் கேட்டீர்கள், ஆஃபீசர். நியாயமான கேள்வி. அவள் ஜெஸ்மியைக் கூட்டிக்கொண்டு தூத்துக்குடிக்கே போய்விடுவதாக இருந்தாள். டிக்கெட்கூட எடுத்தாயிற்று. "அவ உங்கள மாதிரி வளரக் கூடாது, அவ்வளவுதான்" என்றாள், பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டே. தகப்பன் இல்லாமல் ஒரு பிள்ளை வளர்வது சரியில்லை.

எது சரி என்பது எனக்கு வயதோடு சேர்ந்து மாறிவந்திருக்கிறது. ஐந்து வயதில், அப்பாவின் பெல்ட்டிடம் மாட்டிக்கொள்வது தப்பு. இருபதில், ஊர் முகம் சுளித்தால் தப்பு. முப்பத்தெட்டில், எனக்கே விளக்க முடியாததுதான் தப்பு. இதை என்னால் விளக்க முடிந்தது.

ஜெஸ்மி எந்தப் படியில் நிற்கிறாள் என்பதையும் முந்தின வாரம் சோதித்திருந்தேன்.

"ஒரு பையன் அம்மாவுக்கு ஹெல்ப் பண்றப்ப கை தவறி பத்து ப்ளேட்ட ஒடச்சிட்டான். இன்னொருத்தன் கேண்டி திருடப்போய் ஒரே ஒரு ப்ளேட்ட ஒடச்சான். யாரு பேட் பாய்?"

"டென், டாடி. டென் இஸ் மோர்."

"அவன் வேணும்னு ஒடைக்கலையே கண்ணு."

"ஸோ? டென் இஸ் எ லாட்."

போதுமான பதில். இழப்பு எவ்வளவு பெரிதோ, தப்பும் அவ்வளவு பெரிது. அவளுக்கு ஏழு வயதாக இன்னும் இரண்டு வாரம் இருந்தது. ஏழு வயதுக்குள் பாவம் சேராது என்பது எங்கள் ஞானோபதேசம். நாள் குறித்ததே அவளுக்காகத்தான்.

அம்மாவுக்கு மூச்சு முட்டினால் இன்ஹேலர் எடுத்துத் தருவது ஜெஸ்மியின் வேலை. பெருமையாகச் செய்வாள். அன்று இரண்டையும் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். பிறகு, நான் பழக்கியிருந்தபடி போனில் முதல் பட்டனை அழுத்தினாள். அது என் ஆபீஸ் நம்பர்.

"டாடி, இட்ஸ் நாட் வர்க்கிங். அம்மா ஃபேஸ் ப்ளூவா இருக்கு. நைன் ஒன் ஒன் பண்ணவா?"

"டாடி பாத்துக்கறேன். லைன கட் பண்ணாத கண்ணு, பேசிட்டே இரு."

வீட்டில் ஒரே லைன். பதினொரு நிமிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அவளை மடியில் உட்காரவைத்து மெதுவாகக் கேட்டேன். "பொம்மைக்கு டாக்டர் விளையாடறேன்னு மறுபடியும் அம்மாவோட ஸ்ப்ரேய அடிச்சியா?" முன்பு ஒரு தடவை அப்படிச் செய்து திட்டு வாங்கியிருந்தாள். என்னையே வெகுநேரம் பார்த்தாள். தலையாட்டினாள். போலீஸிடமும் சர்ச் ஆன்ட்டிகளிடமும் அதையே சொன்னாள். எல்லார் முன்னாலும் அவளை நான் மன்னித்தேன்.

போன வாரம் அவளுக்கு முதல் பாவசங்கீர்த்தனம், செய்த பாவங்களை ஃபாதரிடம் ரகசியமாகச் சொல்வது. எட்டு வயதாகிவிட்டது. சர்ச்சுக்குப் போகும் வழியில், காரில், பழைய தட்டுக் கதையை மறுபடி கேட்டேன்.

"ஒன் ப்ளேட் பாய்" என்றாள், ஜன்னலைப் பார்த்தபடி. "ஹி மெண்ட் இட்."

"குட்."

சிக்னல் மாறியது.

"டாடி, அன்னிக்கு மார்னிங் பைக் எடுக்க கராஜுக்கு வந்தேன். நீ ஸ்ப்ரே அடிச்சிட்டே இருந்த. ஐ தாட் யூ வேர் ப்ளேயிங், லைக் மீ."

"அப்பறம் ஏம்மா நீ பண்ணினேன்னு சொன்ன?"

"யூ வுட் கெட் இன் ட்ரபிள்."

ஃபாதர் வெளியே எதுவும் சொல்லமாட்டார். ஆனால் அவளிடம் இருந்தது ஒரே பாவம்தான், ஆறு வயதில் என்னைக் காப்பாற்றச் சொன்ன அந்தப் பொய். அதைத் திருத்தச் சொல்லியிருப்பார். அவளும் உங்களிடம் வந்து திருத்திவிட்டாள்.

பார்த்தீர்களா ஆஃபீசர், தகப்பன் கூட இருந்து வளர்த்த பிள்ளை.